நண்டு வண்டியில் உங்கள் இடம்

சேற்றுக்குப் பயப்படாத என் அம்மாவுக்கு,

மழை விட்டிருக்கிறது. அப்பா சைக்கிள் கடையைத் திறக்கப் போய்விட்டார். எனக்கு இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விடியக் கடலுக்குள் ஒரு ஓட்டம் போய் வந்த வண்டி முற்றத்தில் நிற்கிறது. செயினிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். கையில் எண்ணெய் பட்டால் பிறகு பேனை பிடிக்க ஏலாது. அதனால் முதலில் உங்களுக்கு எழுத இருந்துவிட்டேன்.

எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் இருந்தபோது ஒரு நாளைக்கு எத்தனை தரம் "அம்மா, ஒரு விஷயம்" என்று குசினிக்குள் ஓடி வருவேன். "சொல்லு, காது சும்மாதானே இருக்கு" என்பீர்கள். இப்போது விஷயங்கள் தொண்டைக்குள் குவிந்து கிடக்கின்றன. அப்பாவிடம் சொல்லலாம். அவர் கேட்கிறார், தலையாட்டுகிறார், கொஞ்ச நேரம் கழித்து "என்ன சொன்னனீ பிள்ளை?" என்று கேட்கிறார். நான் "ஒண்டுமில்லை" என்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது அதிகமாய்ப் புழங்குகிற சொல் அதுதான்.

நீங்கள் போனது ஆனியில். மலேரியாக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறக்காமலே "செயினுக்கு எண்ணெய் போட்டாச்சோ?" என்று கேட்டீர்கள். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஓம்" என்றோம். நீங்கள் அதை யாரிடம் கேட்டீர்கள், அம்மா? அப்பாவிடமா, என்னிடமா?

வண்டியின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். அதோடு, சொல்லச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

எங்கள் கரைக்கு நேரே, பரவைக்கடலுக்கு அந்தப் பக்கம், மணல் திட்டில் கொஞ்சக் குடும்பங்கள் இருக்கின்றன. கோடையில் கடல் வற்றி வெளியாகிவிடும். நீங்கள் சைக்கிளிலேயே போய் வந்துவிடுவீர்கள். மாரியில்தான் வில்லங்கம். வள்ளம் விட ஆழம் காணாது, தரை தட்டும். நடக்கவோ தண்ணீரும் அதிகம், காலை இழுக்கிற சுரிச் சேறும் அதிகம். இடையில் ஓரிரண்டு இடம் ஆள் தாழுகிற கிடங்கு. அங்கே ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி கண்டால், ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைப் நீங்கள், பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு சேற்றை உழக்கிக்கொண்டு போவீர்கள்.

செல்வமணியக்காவின் முதல் பிள்ளைக்கு அப்படிப் போன நாள் எனக்கு நல்ல நினைவு. நடுவில் சுரியில் கால் புதைந்து வெகுநேரம் நின்றுவிட்டீர்கள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, உயிர் இல்லை. நீங்கள் திரும்பி வந்து சேற்றைக்கூடக் கழுவாமல் நேரே கடைக்குள் போய் அப்பாவுக்கு முன்னால் நின்றீர்கள்.

"இஞ்சருங்கோ, தண்ணியிலும் போக வேணும், சேத்திலும் போக வேணும், றோட்டிலும் போக வேணும். அப்பிடி ஒண்டு செய்து தாங்கோ."

அப்பா ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "எனக்குச் சைக்கிள்தான் திருத்தத் தெரியும். நீ கேக்கிறது சாமியின்ரை வாகனம்."

"சாமிக்கு அவசரமில்லை. எனக்கு அவசரம். அடுத்த மாரிக்கு வேணும்."

அப்பா சிரிக்கவில்லை. உங்கள் பாவாடை விளிம்பிலிருந்து கடைத் தரையில் சொட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று பின்னேரமே சந்தியில் செத்துக் கிடந்த ஏ போட்டி என்கிற பழைய காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அந்தக் காரின் அச்சும் சில்லுகளும் வந்தன. உங்கள் அண்ணை, தோட்டத்து மாமா, வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெசினைத் தந்தார். குருநகரிலிருந்து வள்ளம் கட்டும் சூசை மாமா வந்தார். தொண்ணூறில் சண்டை தொடங்கிய பிறகு கரண்ட் இல்லையே. இரும்பு ஒட்டுவேலை எதுவும் செய்ய வழியில்லை. எல்லாம் மரமும் போல்ற்றும் நட்டும்தான். அடி தட்டையான மரப் பெட்டி, மிதக்க இரு பக்கமும் இரண்டிரண்டு இரும்புப் பரல், வெறும் எண்ணெய்ப் பீப்பாய்தான், பின் சில்லுகளைச் சுற்றித் துடுப்பு மாதிரிப் பலகைகள். சேற்றில் அந்தப் பலகைகள் ஊன்றி நடக்கும், தண்ணீரில் வலித்து நீந்தும். சூசை மாமா பலகைப் பொருத்துக்குள் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினார். ஊற்றும்போது சொன்னார்:

"அண்ணை, இது வள்ளமோ வண்டியோ எண்டு முடிவெடுத்துச் சொல்லுங்கோ. வண்டியெண்டால் நான் வீட்டை போறன்."

"போகேக்கை இதிலையே போ," என்றார் அப்பா. "வேகம் தெரியும்."

திட்டுப் பிள்ளைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிற பலகைகளைப் பார்த்து "நண்டு வண்டி" என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தீர்கள். ஆமியின் ஹெலி மேலே வந்தால் சண்டை வண்டி இல்லை என்று தெரியட்டும் என்று உங்கள் வெள்ளைச் சீலை ஒன்றை மேலே பந்தலாய்க் கட்டினீர்கள். "மேலை இருந்து பாக்கிறவனுக்கு ஒரு கலியாண வீடு மிதந்து போற மாதிரி இருக்கும்" என்றீர்கள். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை.

பெற்றோல் ஏது அந்த நாளில்? கொஞ்சம் பெற்றோல் காட்டினால்தான் மெசின் எழும்பும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நீங்கள் உங்கள் பழைய மருந்துச் சிறிஞ்சால் அந்தத் துளிகளை அளந்து விடுவீர்கள். "நோயாளி எழும்பீட்டுது" என்று சொல்லுவீர்கள். அப்பா கயிற்றைச் சுற்றி இழுப்பார், நீங்கள் ஊசி போடுவீர்கள், நான் முன்னுக்கு நீளத் தடியோடு ஆழம் பார்க்க நிற்பேன். மூன்று பேருக்கும் மூன்று வேலை. என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு இடம் அவ்வளவு தெளிவாய் வேறெங்கும் இருந்ததில்லை.

முதல் தரம் இறக்கியபோது தண்ணீர் தெறித்து, மெசினிலிருந்து செயினைச் சுற்றவைக்கிற பெல்ற் நனைந்து வழுக்கிவிட்டது. மெசின் கத்துகிறது, சில்லு சுற்றவில்லை. தகரத்தை வளைத்து அதற்கு ஒரு கூடு போட்டார் அப்பா. அடுத்த தரம் ஓடியது. பிறகு விசயதசமி வந்தது. அந்த நாளை எப்படி எழுதாமல் விடுவது?

காலையில் ஸ்பனர், குறடு, சைக்கிள் பம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அப்பா, வண்டிக்கும் குளிர்த்தியாய்ச் சந்தனம் அப்பினார். தேசிக்காயைச் சில்லின் கீழ் நசித்து, சூசை மாமாவையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். பாதி வழியில் மெசின் இருமியது, திக்கியது, நின்றது. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கயிறு இழுத்து இழுத்துக் கை சிவந்தது. கொஞ்சம் ஓடும், பிறகு நிற்கும். சூசை மாமா சிலுவை போட்டுக்கொண்டார். காற்று எங்களைக் கிடங்குப் பக்கமாய்த் தள்ளத் தொடங்கியது.

நீங்கள் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ராங்கியின் மூடியைத் திருப்பினீர்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்குமல்லவா? அதன் மேல் சந்தனம் காய்ந்து கல்லாய் இருந்தது. உள்ளே காற்றுப் போகாமல் மண்ணெண்ணெய் இறங்க மறுத்திருக்கிறது.

"இதுக்கு ஆர் பொட்டு வைச்சது?" என்று கேட்டீர்கள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "உச்சியிலை இருந்துது. நெத்தி எண்டு நினைச்சன்."

"நெத்தி எண்டு நினைச்சு மூக்கை அடைச்சுப்போட்டியள்."

சூசை மாமா வண்டி ஆடும்படி சிரித்தார். "அக்கா, எங்கடை பாதர் தண்ணி மட்டும்தான் தெளிப்பார். அதாலைதான் எங்கடை வள்ளம் ஓடுது." நீங்கள் கொண்டையில் இருந்த ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்தீர்கள். மெசின் முதல் இழுவையிலேயே எழும்பியது. வீடு வரும் வரைக்கும் அப்பாவின் காது சிவந்து, உதடு ஒரு பக்கம் கோணி இருந்ததை நான் பார்த்தேன்.

அந்த மாரியில் வண்டி எத்தனை தரம் போய் வந்தது! ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுதல், துடைத்தல், பூசுதல். கிறீஸ் இல்லாததால் சூசை மாமா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கி வருவார். இலுப்பெண்ணெயோடு உருக்கி அச்சுக்குப் பூசுவோம். வண்டி ஓடும்போது பூசை முடிந்த கோயில் மாதிரி மணக்கும்.

பிறகு கோடை. பிறகு ஆனி.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை அப்பா வண்டியை வேலியோரம் தள்ளிவிட்டுத் தென்னோலைக் கிடுகால் மூடினார். ஒரு துண்டு தெரியாமல் மூடினார். தோட்டத்து மாமாவிடம் போய் "மெசினைக் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். மாமா தீபாவளி கழிய மாட்டு வண்டியோடு வருவதாய்ச் சொன்னாராம்.

நான் கேட்டேன். "அப்பா, மாரி வரப்போகுது. செல்வமணியக்காவுக்குக் கார்த்திகையிலை பிள்ளை. தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப?"

அவர் கையிலிருந்த சில்லைச் சுற்றிவிட்டு அது சுற்றுவதையே பார்த்தார். "நான் உந்த வண்டியைச் செய்யாமல் விட்டிருந்தால், மாரி முழுக்கக் கொம்மா அந்த நுளம்புக்கடிக்குள்ளை போய் வந்திருக்க மாட்டாள். உதைப் பற்றி என்னோடை கதையாதை."

நுளம்பு எங்கள் வீட்டிலும்தான் இருந்தது. காய்ச்சல் வந்தது கோடையில். அதெல்லாம் என் வாயில் வந்து நின்றது, நான் சொல்லவில்லை. அவர் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அதைப் பறித்தால் எதைப் பிடிப்பார்? நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள், அம்மா?

உங்கள் இடத்துக்குப் புது மிட்வைப் வந்தார். தவமலர் மிஸ்ஸி. வலிகாமத்துத் தோட்டக்காரப் பெண். நல்ல உடம்பு, நல்ல மனம். கரையில் நின்று திட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, தண்ணி எண்டால் எனக்குக் கிணத்துத் தண்ணிதான் தெரியும். மாரியிலை இதுக்குள்ளாலை கொம்மா எப்பிடிப் போனவ?" நான் கிடுகைக் கொஞ்சம் விலத்திக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "உது மிதக்குமோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரியவில்லை என்பது என்னைக் கடித்தது. பள்ளிக்கூட நூலகத்தில் பௌதிகப் புத்தகத்தை எடுத்து மிதத்தல் பாடத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். ஒரு பரல் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு பாரம் தாங்கும். சரி. ஆனால் பரலில் ஓட்டை இருந்தால்? வெளியே துருப்பிடித்துக் கிடந்தது. சின்ன ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் இறக்கிப் பார்க்க நான் ஒருத்தி காணாது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், அப்பா கடையில் இருந்த நேரம், ஒரு பரலைக் கழற்றி வேலிக்குப் பின்னால் உருட்டினேன். சிரட்டைக்கரி மூட்டி, சுவாமி அறையிலிருந்த சாம்பிராணியை அதில் போட்டு, பரலின் வாயை அதன் மேல் கவிழ்த்துப் பிடித்தேன். உள்ளே புகை நிரம்பியதும் வாயை அடைத்து, அப்பா முன்பே அதில் பொருத்தியிருந்த வால்வில் சைக்கிள் பம்மால் காற்று அடித்தேன். ஓட்டை இருந்தால் புகை காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தேன். காட்டிக்கொடுத்தது. பரலின் அடிப்பக்கத்தில் நூல் மாதிரி ஒரு புகை எழும்பியது. பிறகு இன்னொன்று.

அப்போது பின்னால் அப்பா நின்றார். சாம்பிராணி மணம் கடை வரைக்கும் போயிருக்கிறது. அவர் அவசரமாய் வந்திருக்கிறார், சட்டைப் பொத்தான் பூட்டாமல்.

"இண்டைக்கு என்ன பிள்ளை? கொம்மாவுக்குப் படையலோ? அந்த நாளை நான் மறந்துபோனனோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. பரல்."

அவர் பரலைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராய் நின்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். விரலை எச்சில் படுத்தி ஒரு ஓட்டையின் மேல் வைத்தார். புகை நின்றது. மற்ற விரலை மற்ற ஓட்டையில் வைத்தார். ஏதோ ஒன்றின் நாடி பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

"அடி," என்றார்.

"என்னப்பா?"

"காத்தை அடி. இன்னும் எங்கையெண்டு பாப்பம்."

நான் அடித்தேன். அவர் பார்த்தார். இருட்டும் வரை அந்த வேலிக்குப் பின்னால் இருந்தோம். உங்களைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் நீங்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு இருந்தது அன்றைக்குத்தான்.

மூன்று பரல் தார் பூசித் தேறின. ஒன்று தேறவில்லை, சுத்தியலால் தட்டியதும் தகரம் அப்பளம் மாதிரி உடைந்தது. வேறு பரல் எங்கே கிடைக்கும்? அந்த இடத்தில் லொறி ரியூப் ஒன்றை அடித்துக் கட்டினார் அப்பா. ரியூப் பரல் அளவுக்குத் தாங்காது. குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்கு அடுக்கியிருந்த மண்மூட்டைகளை ஒவ்வொன்றாய் ஏற்றி, வண்டி எவ்வளவு தாழுகிறது என்று கரையோரம் வைத்துப் பார்த்தோம். தோட்டத்து மாமா சொன்னபடி மாட்டு வண்டியோடு வந்தார். வந்தவர் வண்டி தண்ணீரில் நிற்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மழை பெய்யேக்கை எனக்கென்னத்துக்கு இறைப்பு மெசின்?" என்று சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆட்களின் நிறை வேண்டும் என்றேன். மாமாவின் வெங்காயத் தராசுக்குத் தவமலர் மிஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பொம்பிளையின்ரை நிறையைக் கேக்கப்படாது," என்றார் மிஸ்ஸி.

"நான் கேக்கேல்லை மிஸ்ஸி. வண்டி கேக்குது."

"உன்ரை வண்டிக்கு வாய் கூட." ஏறினார். தராசு ஒரு பக்கம் படாரென்று இறங்கியது. மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டு படிக்கல்லை அடுக்கினார். உங்களைவிட மிஸ்ஸி அரை மூட்டை அரிசி கூட, அம்மா. அவர் தராசிலிருந்து இறங்கி என் காதைப் பிடித்து, "ஆருக்கும் சொன்னாய் எண்டால் அடுத்த ஊசி உனக்குத்தான்" என்றார். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அப்பா, மிஸ்ஸி, பை, மெசின், மண்ணெண்ணெய். திரும்பும்போது தேவைப்பட்டால் செல்வமணியக்காவையும் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். கூட்டினேன், கழித்தேன். ஜாம்போத்தல் விளக்கைக் கிட்ட இழுத்து மறுபடி கூட்டினேன். எப்படிக் கூட்டினாலும் முன்னுக்குத் தடியோடு நிற்கிற ஆளுக்கு இடம் வரவில்லை.

அப்பாவிடம் தாளை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "கணக்குச் சரியோ?" என்று மட்டும் கேட்டார். "சரி" என்றேன். பிழையாய் இருந்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்க நினைத்தேன்.

போன கிழமை, அடை மழைக்கு நடுவில், திட்டில் தடி நுனியில் வெள்ளைத் துணி ஏறியது. அது செல்வமணியக்காவின் புருசன் கட்டியது; வலி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான்தான் முதலில் கண்டேன். ஓடிப் போய் மிஸ்ஸியைக் கூட்டி வந்தேன். அப்பா வண்டியைக் கரைக்கு இறக்கியிருந்தார். கயிற்றைச் சுற்றினார். பிறகு நின்றுவிட்டார். சிறிஞ்ச் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நான் கையை நீட்டினேன். தந்தார். நீங்கள் விடுகிற அளவு எனக்குத் தெரியும். விட்டேன். இழுத்தார். எழும்பியது.

மிஸ்ஸி இடப்பக்கப் பலகையில், உங்கள் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "ஓடத் தொடங்கினாப் பிறகு சொல்லு, கண்ணைத் திறக்கிறன்" என்றார். ஓடத் தொடங்கியது. அவர் திறக்கவில்லை.

நான் கரையில் நின்றேன். சேற்றில் பலகைகள் ஊன்றும் சத்தம் முதலில் தப் தப் என்று கேட்டது. பிறகு தண்ணீருக்குள் போனதும் மெசினின் குரல் மாறியது. வெள்ளைச் சீலைப் பந்தல் சின்னதாகி மழைக்குள் கரைந்தது. இத்தனை நாளும் இந்த வண்டி மறுபடி ஓட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அது ஓடுகிறது, நான் இல்லாமல். அப்பா வழி பார்த்து ஓட்டுவாரா, கிடங்குப் பக்கம் காற்றுத் தள்ளுமா என்று யாரிடம் கேட்பது? கரையில் ஒரு நாய்கூட இல்லை. மெசின் சத்தம் கேட்கும் வரைக்கும் கேட்டேன். கேட்காமல் போன பிறகும் நின்றேன். நீங்களும் அப்பாவும் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போன நாட்களில், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு அதை மட்டும்தான் யோசித்தேன். யோசித்தால் வராமல் போய்விடுவார்களோ என்று அதற்கும் பயந்தேன்.

பொழுதுபடும் நேரம் சத்தம் திரும்பக் கேட்டது. அப்பா தனியாய் வந்தார். என் கால்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன.

"மிஸ்ஸி எங்கை?"

"அங்கைதான். தாய்க்கு இரத்தம் கொஞ்சம் கூடுதலாப் போயிட்டுது, இப்ப நிண்டிட்டுது. விடியும் வரைக்கும் பக்கத்திலை இருக்கப் போறாவாம்."

"பிள்ளை?"

"பொடிச்சி. பொம்பிளைப் பிள்ளை." அப்பா மெசினை நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அவர் எவ்வளவு மெதுவாய்க் கதைக்கிறார் என்று தெரிந்தது. "நான் வெளியிலை மழைக்குள்ளை நிண்டனான். அழுதது கேட்டுது. நல்ல சத்தம்."

அவர் இறங்கவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். கை வலிக்கிறதோ என்று பார்த்தேன். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

"என்னப்பா?"

"வரேக்கை வழி முழுக்க வண்டி ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு போச்சுது. பிடிச்சுப் பிடிச்சுக் கை உரிஞ்சிட்டுது. முதல் நான் என்னத்தையோ உடைச்சுப்போட்டன் எண்டு நினைச்சன்." பக்கத்துப் பலகையைக் கையால் தொட்டார். "உதிலை ஆள் இல்லை. நான் ஒருநாளும் தனிய ஓட்டினதில்லை, பிள்ளை."

நாங்கள் செய்த வண்டி அப்படி, அம்மா. மெசின் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறது. அந்தப் பாரத்துக்கு எதிர்ப் பாரமாய் மற்றப் பக்கத்தில் எப்போதும் நீங்கள் இருந்தீர்கள். போன மாரியில் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தரமும் இருந்தீர்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை. என் கணக்கிலும் பாரத்தைக் கூட்டினேனே தவிர, அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்க்கவில்லை.

"விடிய மிஸ்ஸியைக் கூட்ட வெறும் வண்டியோடை போக வேணும்," என்றார் அப்பா. "போகேக்கை அந்தப் பக்கத்துக்குப் பாரம் வேணும். மண்மூட்டை போடலாம்." கயிற்றைச் சுருட்டினார். "நீயும் வரலாம்."

விடிய மழை குறைந்திருந்தது. நான் இடப்பக்கப் பலகையில் ஏறி இருந்தேன். அது எனக்கு அகலமாய் இருந்தது; இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. அப்பா திரும்பிப் பார்த்து, "இன்னும் ஓரத்துக்குத் தள்ளி இரு" என்றார். தள்ளி இருந்தேன். "இன்னும்." விளிம்பில் இருந்தேன். வண்டி நேராய்ப் போனது.

திட்டில் செல்வமணியக்கா என் கையில் பிள்ளையைத் தந்தார். மிஸ்ஸி கண் சிவந்து, நித்திரையில்லாமல், ஆனால் நிமிர்ந்து நின்றார். திரும்பும்போது பிள்ளையும் தாயும் வரத் தேவையில்லை என்றார். அதனால் நானும் கூட வரலாம் என்றேன், கணக்குச் சரி. மிஸ்ஸி பலகையில் என் பக்கத்தில் நெருக்கி இருந்து, "தங்கச்சி, என்ரை கையைப் பிடி" என்றார். பிடித்தேன். நடுக்கடலில் கண்ணைத் திறந்தார்.

அம்மா, வீட்டில் இன்னும் "ஒண்டுமில்லை"தான் அதிகம். நேற்று மட்டும் அப்பா சாப்பிடும்போது, "அந்த ரியூப்பை மாத்த வேணும், பரல் ஒண்டு தேடுவம்" என்றார். நான் "ஓம், தேடுவம்" என்றேன். "என்ன சொன்னனீ?" என்று அவர் பிறகு கேட்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் எடுத்துக்கொள்ளும் வேலை இது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவேன். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பரல்களுக்குப் புகை அடித்துப் பார்ப்பேன். வெறும் வண்டி போகிற நாட்களில் அந்தப் பக்கத்தில் நான் இருப்பேன். மிஸ்ஸி போகிற நாட்களில் கரையில் நிற்பேன், சத்தம் திரும்பக் கேட்கும் வரைக்கும். இரண்டையும் செய்வேன், அம்மா. இனி பேனையை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போகிறேன்.

இடப்பக்க விளிம்பில் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் ஒரே பிள்ளை,
வதனி